சுவர் ஏறும் உரிமை

விதிகளை எழுதுகிறவர்களுக்கு நிரந்தரமான ஒரு சங்கடம் உண்டு. ஒருவனுக்கு இன்ன சக்தி உரியது என்று அவர்கள் எழுதும்போதே, பெயர் சொல்லப்படாத மற்றவர்களைப் பற்றியும் ஏதோ ஒன்றைச் சொன்னவர்களாக ஆகிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னது என்ன என்பது பெரும்பாலும் எழுதினவர்களுக்கே தெளிவாக இருப்பதில்லை. இராக்காவலன் வெளிப் பிராகாரத்தில் உலாவலாம் என்று ஒரு கோயில் ஏற்பாடு கூறுமானால், மற்றவர் எவரும் உலாவலாகாது என்பது அதன் கருத்தா, காவலனை யாரும் தடுக்கலாகாது என்பது மட்டும் கருத்தா, அல்லது மற்றவர்களைப் பற்றி அந்த ஏற்பாட்டுக்கு அபிப்பிராயமே கிடையாதா என்று மூன்று விதமாகக் கேட்கலாம். மூன்றுக்கும் அந்த ஒரே வாக்கியம் இடம் கொடுக்கும். வேள்விச் சாலையிலிருந்து நீதிமன்றம் வரைக்கும் மனிதர் இந்த மௌனத்தின்மேல் வழக்காடி வந்திருக்கிறார்கள். ஆயினும் இந்தப் பிரச்சினை வேறு எதனோடும் கலக்காமல் தனித்துக் காணக் கிடைப்பது, ஆச்சரியப்படத்தக்க வகையில், ஒரு விளையாட்டின் விதிப் புத்தகத்தில்.

காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம், விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ஆம் ஆண்டு, மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். பலகையும் காயும் இதற்கு அவசியமல்ல. மேசையைச் சுற்றி அமரும் நால்வர் ஐவரில் ஒருவர் நடுவராக இருந்து, பாழடைந்த கோட்டையையும் அதன் நிலவறைகளையும் அங்கே பதுங்கியிருக்கும் பூதங்களையும் வாய்மொழியாகவே படைத்துக் காட்டுவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, நான் கதவைத் தள்ளுகிறேன், நான் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிக் கதையை நடத்துவர். விளைவு சந்தேகமாக இருக்கும் இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வகுப்பைச் சேர்ந்தது; ஆடுகிறவர்கள் ‘கிளாஸ்’ என்பார்கள். ஆதியில் இருந்தவை போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என்னும் சமயகுரு ஆகிய மூன்று வகுப்புகளே.

மறு ஆண்டு கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய ‘கிரேஹாக்’ என்ற அனுபந்தம், திருடன் என்ற புது வகுப்பைக் கொண்டு வந்தது. பூட்டுத் திறத்தல், சிறு பொறிகளைக் களைதல், கதவுக்கு அப்பால் எழும் ஒலியைக் கேட்டல், அரவமின்றி நடத்தல், நிழலில் மறைதல், ஏறத்தாழச் செங்குத்தான சுவரில் ஏறுதல், பின்னாலிருந்து தாக்குதல் ஆகியவை அவனுடைய சக்திகள். இவற்றுட் பலவற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று கணக்கும் வகுக்கப்பட்டது. டாம் மோல்ட்வே 1981-இல் திருத்தி அமைத்த எளிய பதிப்பை எடுத்துக்கொண்டால், முதற்படியில் நிற்கும் திருடனுக்குச் சுவர் ஏறுவதில் நூற்றுக்கு 87, அரவமின்றி நடப்பதில் 20, நிழலில் மறைவதில் 10. கணக்கு வருவதற்கு முன்னால், சுவரைக் கண்ட போர்வீரன் கவசத்தைக் கழற்றிவிட்டு ஏறப் பார்க்கிறேன் என்று சொன்னால், சுவர் கரடா வழுவழுப்பா, மழை பெய்ததா, கயிறு உண்டா என்று நடுவர் விசாரித்து ஒரு முடிவு கூறுவார். கணக்கு வந்த பிறகு அந்தப் போர்வீரனுடைய நிலைமை என்ன? நிழலில் மறைவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு நூற்றுக்குப் பத்துதான் என்றால், தொழிலல்லாதவனுக்குப் பூஜ்யமா? தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதற்குக்கூட ஒருவன் திருடனாகப் பிறந்திருக்க வேண்டுமா? புத்தகம் வாய் திறக்கவில்லை.

என் சகோதரியின் மகனும் அவனுடைய தோழர்களும் விடுமுறை நாள்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தப் பழைய பதிப்பை ஆடுவதுண்டு. ஒருநாள் இதே சுவர் அவர்களுக்கு நடுவிலும் எழுந்தது. “திருடனுக்குன்னு தனியா எழுதியிருக்கே, அப்போ உனக்குக் கிடையாது” என்றான் நடுவனாக இருந்தவன். “எனக்குக் கிடையாதுன்னு எங்கே எழுதியிருக்கு?” என்றான் வீரன். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்களே சொல்லுங்க” என்றார்கள். நான் அன்றைக்குச் சொன்னது முக்கியமல்ல; அவ்விரண்டு வாக்கியங்களுக்குள் அடங்காத புதிய வாதங்களை இவ்விஷயத்தில் நான் பெரிய கிரந்தங்களிலும் அதிகமாகக் கண்டதில்லை என்பதுதான் முக்கியம்.

திருடன் ஒருவன் மட்டுமே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று சொல்வதும் நியாயமன்று. 1974-ஆம் ஆண்டுப் புத்தகங்களில் எல்ஃப் என்ற வனவாசி இனத்தான், போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ தொடங்கி ஒரு பயணத்துக்கும் மறு பயணத்துக்கும் இடையில் வகுப்பு மாறலாம், ஒரே ஆட்டத்தின் நடுவில் மாறலாகாது என்று கூறப்பட்டிருக்கிறது. ஆனால் அதை அடுத்தே, இரு வகுப்பின் அனுகூலங்களும் அவனுக்கு உண்டு, ஆயுதமும் மந்திரமும் அவன் கையாளலாம் என்றும் வருகிறது. இன்றைக்கு வீரனாக வந்தவன் இன்றைக்கே மந்திரம் சொல்லலாமா என்று ஐம்பது ஆண்டுகளாக அபிப்பிராய பேதம் நிலவுகிறது. சமயகுரு, பிணங்களினின்று எழுந்த பேய்களை விரட்ட வல்லவர். எந்தப் படியினர் எந்தப் பேயை விரட்டலாம் என்பதற்கு அட்டவணை உண்டு, ஆனால் விரட்டப்பட்ட பேய் எத்தனை நேரம் விலகி நிற்கும், ஒரே பேயை எத்தனை முறை விரட்டிப் பார்க்கலாம் என்பதற்கு விடை இல்லை. இவை அளவைப் பற்றிய ஐயங்கள். நடுவர் ஓர் அளவைச் சொன்னால் தீர்ந்துவிடும். திருடனைப் பற்றிய ஐயமோ வேறு ஜாதி: ஒருவனுக்குக் கொடுத்ததால் மற்றவனிடமிருந்து எடுக்கப்பட்டதா என்ற ஐயம். அதை அளவு சொல்லித் தீர்க்க முடியாது. படிக்கும் முறையைச் சொல்லித்தான் தீர்க்க வேண்டும்.

வேதவாக்கியங்களைப் படிக்கும் முறையையே ஒரு சாஸ்திரமாக வளர்த்தவர்கள் மீமாம்சகர்கள். நான் வசிக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் அவர்களை நினைப்பதற்குத் தனியே ஒரு காரணம் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள தூப்புல், 1268-ஆம் ஆண்டு வேதாந்த தேசிகர் அவதரித்த இடம். விளக்கொளிப் பெருமாள் சன்னிதி அங்கேதான் இருக்கிறது. கவியாகவும் வேதாந்தியாகவும் அவரைப் போற்றுகிறவர்கள் பலர். ஆனால் மீமாம்சையின் மூல நூலாகிய ஜைமினியின் சூத்திரங்களுக்கு ‘சேசுவர மீமாம்சை’ என்ற உரையையும், ‘மீமாம்ஸா பாதுகை’ என்ற செய்யுள் நூலையும் அவர் இயற்றினார் என்பது அத்தனை பேர் நினைவில் இருப்பதில்லை. ஈசுவரனைப் பற்றி அக்கறை காட்டாத சாஸ்திரம் என்று பெயர் எடுத்த மீமாம்சையை ஈசுவரனோடு இணைக்க அவர் முயன்றதற்கு மதப்பற்று ஒரு காரணம் என்றால், வாக்கியத்தின் பொருளை நிச்சயிக்கும் கருவியாக அதற்கு நிகர் வேறு இல்லை என்ற புலமைத் தெளிவு மற்றொரு காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

அந்தக் கருவிகளுள் ஒன்று, விதிவாக்கியங்களை மூன்றாகப் பிரிக்கும் பிரிவினை. வேறு எந்த வழியாலும் நமக்குத் தெரிய வராத ஒன்றை விதித்தால் அது அபூர்வ விதி. இன்ன யாகம் செய்தால் இன்ன பலன் என்பது போல, அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அந்தச் செயலே உலகத்தில் இல்லை. ஒரு காரியத்தைப் பல வழிகளில் செய்யக்கூடும் என்றிருக்க, இந்த வழியில்தான் செய்ய வேண்டும் என்று நிலைநிறுத்தினால் அது நியம விதி. நெல்லின் உமியை நகத்தால் உரித்தும் நீக்கலாம், உலக்கையால் குற்றியும் நீக்கலாம் என்றிருக்க, வேள்விக்குரிய நெல்லைக் குற்றியே நீக்குக என்பது இதற்கு உதாரணம். இரண்டும் ஏற்கனவே நமக்குக் கிட்டியிருக்க, ஒன்றைச் சொல்வதன் மூலம் மற்றதை விலக்கினால் அது பரிசங்க்யை. குமாரில பட்டர் இம்மூன்றையும் வரையறுத்துத் தந்ததிலிருந்து, தர்ம சாஸ்திரக்காரர்களும் நீதிமன்றங்களில் அமர்ந்த பண்டிதர்களும் இந்த அளவுகோலைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

பரிசங்க்யைக்குச் சாஸ்திரக்காரர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம், ஐந்து நகங்களுடைய பிராணிகளில் ஐந்தை உண்ணலாம் என்ற வாக்கியம். முயல், ஆமை, உடும்பு முதலிய ஐந்தின் பெயர் அதில் வருகிறது. இலக்கண ஆசிரியர் பதஞ்சலியும் இதை எடுத்துப் பேசுகிறார். வான்மீகியில், மறைந்து நின்ற அம்பினால் வீழ்ந்த வாலி, இராமனைக் குற்றம் சாட்டும் வாதத்தினிடையே இதையே ஆதாரமாக்கி, அந்த ஐந்தில் குரங்கு இல்லையே, என் மாமிசம் உனக்கு எதற்கு என்ற கருத்துப்படக் கேட்கிறான். மாமிசம் உண்ண வேண்டும் என்று யாரும் விதிக்க வேண்டியதில்லை. பசியும் நாவும் அதை முன்னமே கொண்டு வந்துவிட்டன. ஆகவே உண்ணலாம் என்பதற்காக அந்த வாக்கியம் எழவில்லை. இந்த ஐந்தைத் தவிர மற்றவற்றை உண்ணாதே என்பதற்காகவே எழுந்தது. அப்படிப் படிக்காவிட்டால் அதற்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

ஆனால் மீமாம்சகர்கள் இங்கே நிறுத்தவில்லை. பரிசங்க்யையாகப் படிப்பதில் மூன்று தோஷங்கள் உண்டு என்றும், வேறு கதியில்லாத இடத்தில் மட்டுமே அதை ஏற்க வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். வாக்கியம் நேராகச் சொன்ன பொருளைக் கைவிடுகிறோம், அது ஒன்று. சொல்லாத பொருள் ஒன்றை அதன் மேல் ஏற்றுகிறோம், அது இரண்டு. உலகத்தாருக்கு முன்னமே கிட்டியிருந்த ஒன்றைப் பறிக்கிறோம், அது மூன்று. ஒருவனுக்குக் கொடுப்பதாகத் தோன்றும் வாக்கியத்தை மற்றவர்களிடமிருந்து எடுப்பதாகப் படிக்கிறவன், இந்த மூன்று தோஷங்களையும் சுமக்கச் சம்மதித்துக்கொண்டுதான் அப்படிப் படிக்க வேண்டும்.

இந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு திருடனுடைய அட்டவணைக்குத் திரும்பினால், பேயை விரட்டும் சமயகுருவின் சக்தி அபூர்வ விதி என்பது உடனே தெரிகிறது. புத்தகம் தராவிட்டால் அந்தச் சக்தி எவனுக்கும் இல்லை. ஆகவே வீரன் பேயை விரட்ட முடியாததற்குக் காரணம் அவனிடமிருந்து அது பறிக்கப்பட்டதன்று, அவனுக்கு அது ஒருகாலும் கிட்டவில்லை என்பதே. சுவர் ஏறுதல் அப்படிப்பட்டதன்று. கையும் காலும் உள்ள எவனுக்கும் அது, பசியைப் போல, முன்னமே கிட்டியிருப்பது. ஆகையால் நடுவனாக இருந்த பிள்ளையின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்வதானால் இப்படிச் சொல்ல வேண்டும்: எல்லோரும் ஏறலாம் என்றால் திருடன் ஏறலாம் என்ற வாக்கியம் வீண், விதிவாக்கியம் வீணாகலாகாது, ஆகவே மற்றவர் ஏறலாகாது என்பதே அதன் பொருள். ஐந்து நகப் பிராணிகளுக்குச் சொன்ன அதே நியாயம்.

விடை வாக்கியத்திலேயே இருக்கிறது. திருடனுக்குக் கொடுக்கப்பட்டது சுவர் ஏறும் சக்தியன்று. மற்றவன் ஏற முடியாத, பிடிப்பே இல்லாத செங்குத்துச் சுவரில் ஏறும் சக்தி. மறைவதற்கு மேசையோ புதரோ தூணோ வேண்டாமல், வெறும் நிழலிலேயே மறைவது. மெல்ல நடப்பதன்று, அரவம் சிறிதுமில்லாமல் நடப்பது. இவை எவனுக்கும் முன்னமே கிட்டியவை அல்ல. ஆகவே அட்டவணை முழுவதும் அபூர்வ விதியாக நின்று பொருள் தருகிறது, வீணாகவில்லை. வீணாகாதபோது பரிசங்க்யைக்கு அவசியமும் இல்லை. போர்வீரன் கரடான சுவரில் முன்போல ஏறலாம், தூணுக்குப் பின்னால் முன்போல ஒதுங்கலாம். அவன் தோற்கிற இடத்தில் திருடனுடைய நூற்றுக்கு எண்பத்தேழு தொடங்குகிறது. மேலை நாட்டுப் பழைய ஆட்டக்காரர்களில் ஒரு சாரார் இதே முடிவுக்கு மீமாம்சையின் பெயரறியாமலே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது, நியாயம் என்பது ஒரு தேசத்தாருக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதற்கு அடையாளம்.

இத்தனை சுலபமாகத் தீரும் விஷயத்தில் எதற்காக இத்தனை பேர் எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். திருடன் அட்டவணை வந்த பிறகு, மற்ற வகுப்பினர் பொறிகளைத் தேடுவதையும் ஒட்டுக் கேட்பதையும் தாமாகவே விட்டுவிட்டார்கள் என்று அக்காலத்து ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. யாரும் தடுக்கவில்லை, ஆனால் ஒரு காரியத்துக்கு உரியவன் என்று ஒருவன் பெயர் எழுதப்பட்டவுடன், அதை நேற்று வரை செய்து வந்தவன், அது தன் வேலையன்று என்று கையை இழுத்துக்கொள்கிறான். எழுதப்படாத விலக்கு இப்படித்தான் பிறக்கிறது. அதைப் பிறப்பிப்பவன் விதியை எழுதியவன் மட்டுமல்லன். படித்தவர்கள் எல்லோரும் அதற்குப் பங்காளிகள்.

மீமாம்சையின் ஆறாவது அத்தியாயத்தின் தலைப்பொருள் எவனுக்கு எந்தக் கர்மத்தில் அதிகாரம் என்ற கேள்வி. அதில் இரண்டு இடங்கள் நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியவை. மழைக்காலத்தில் ரதகாரன் அக்கினியை ஸ்தாபிக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் உண்டு. ரதகாரன் என்பது தேர் செய்கிற எவனையும் குறிக்கும் காரணப் பெயரா, மூன்று வர்ணத்துக்கும் புறம்பான ஒரு குலத்தாரைக் குறிக்கும் வழக்குப் பெயரா என்று விவாதித்து, வழக்கே வலியது, ஆகவே அக்குலத்தானுக்கு இந்த வாக்கியத்தின் பலத்தாலேயே அந்த அதிகாரம் உண்டு என்று முடிவு செய்தார்கள். நிஷாதத் தலைவனைக் கொண்டு இஷ்டி என்னும் வேள்வி ஒன்றைச் செய்விக்க வேண்டும் என்ற வாக்கியத்தில், நிஷாதர்களுக்குத் தலைவனாகிய வேறு வர்ணத்தானா, தலைவனாகிய நிஷாதனா என்ற ஐயத்திலும், நிஷாதனே என்று தீர்த்தார்கள். இரண்டு இடங்களிலும் சுருக்கிப் படிக்க வழி இருந்தது. வாக்கியம் கொடுத்ததைக் கொடுத்தபடியே விட்டார்கள்.

ஆனால் அதே அத்தியாயத்தில் கதவு சாத்தப்பட்ட இடமும் உண்டு. அக்கினி ஸ்தாபனத்துக்கு அந்தணனுக்கு வசந்தம், அரசனுக்குக் கிரீஷ்மம், வைசியனுக்குச் சரத்காலம் என்று பருவம் சொல்லப்பட்டிருக்கிறது, சூத்திரனுக்குச் சொல்லப்படவில்லை, பருவம் இல்லாதவனுக்கு அக்கினி இல்லை, அக்கினி இல்லாதவனுக்கு யாகம் இல்லை என்று வாதம் செல்கிறது. பாதரி என்னும் பழைய ஆசிரியர், அந்தப் பருவங்கள் நிமித்தமாகச் சொல்லப்பட்டவை, அவற்றால் யாருடைய அதிகாரமும் குறையாது, அதிகாரம் எல்லோருக்கும் உண்டு என்று மறுத்ததை ஜைமினியின் சூத்திரமே பதிவு செய்திருக்கிறது. பதிவு செய்துவிட்டுத் தள்ளியும் இருக்கிறது. பரிசங்க்யையின் மூன்று தோஷங்களை எண்ணிக் காட்டிய மரபு, மௌனத்தை விலக்காகப் படித்த இந்த இடத்தில் அவ்வளவு தயங்கவில்லை. கருவி கூர்மையாக இருந்தது. அதைப் பிடித்த கைகளுக்குத் தாங்கள் போக வேண்டிய இடம் முன்னமே தெரிந்திருந்தது. ஆட்டத்தில் ஒரு வீரன் ஒரு மாலைப்பொழுது சுவரடியில் நின்றுவிட்டுப் போவான். இங்கே நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்றார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு எதிர்ச்சாட்சி ஒருவர் இருந்தார். பூவிருந்தவல்லியிலிருந்து வந்து வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பி, அந்தணர் அல்லர். பெருமாளோடு நேரே பேசுகிறவர் என்று குருபரம்பரை நூல்கள் அவரைப் போற்றுகின்றன. இராமானுஜர் தம் மனத்து ஐயங்களுக்கு அவர் மூலமாகத்தான் விடை பெற்றார் என்றும், அவரையே ஆசாரியராகக் கொள்ள விரும்பினார் என்றும் கூறுவர். இன்ன வகுப்பான் பெருமாளோடு பேசலாம் என்று எந்த ஆகமத்திலும் அட்டவணை இல்லை. பேசலாகாது என்றும் இல்லை. அந்த மௌனத்தை நம்பி விலக்காகப் படிக்கவில்லை. விசிறியோடு உள்ளே போனவர் பேசவும் செய்தார்.

அதே சன்னிதியில், பிற்காலத்தில், ஓதும் உரிமையைப் பற்றிய வழக்கு நீதிமன்றம் ஏறியது. ஆழ்வார்களின் பிரபந்தத்தை முன்னின்று தொடங்கி ஓதும் அத்தியாபக மிராசு, வைணவருள் தென்கலை, வடகலை என்னும் இரு சாராரில் தென்கலையாருக்கு உரியது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1882-இல் அளித்த தீர்ப்பு, சட்டப் புத்தகங்களில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. எந்தக் கலையார் பக்கம் நியாயம் என்று சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அவ்வழக்குகளின் உள்ளே திரும்பத் திரும்ப எழும் கேள்வி நமக்குப் பரிச்சயமானதே: ஒரு சாராருக்குப் பதவியின் பெயரால் ஓதும் உரிமை உண்டு என்றால், மற்றச் சாரார் தொழவந்த சாதாரண பக்தர்களாக அதே பாசுரங்களைச் சொல்வது என்ன ஆகிறது? பதவியால் வரும் உரிமை ஒன்று, மனிதனாக நிற்பதால் முன்னமே கிட்டியிருக்கும் உரிமை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் திருடனுடைய அட்டவணையிலும் கேள்வி.

விலக்கு என்பது எப்போதும் அநீதி என்று நான் சொல்ல வரவில்லை. திருடனைப் போலவே நெசவாளிக்கும் தன் கைத்திறனைத் தனக்கென வைத்துக்கொள்ளும் ஆசை உண்டு. அந்த ஆசைக்கு நியாயமும் உண்டு. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இரண்டையும் கோத்து நெய்யும் கோர்வைக்குத் தறியில் நெய்பவரோடு துணைக்கு இன்னொரு கையும் வேண்டும். அந்த உழைப்பின் தோற்றத்தை மட்டும் விசைத்தறி குறைந்த செலவில் நகல் எடுத்துத் தள்ளிவிட முடியும். இதை உத்தேசித்துத்தான் 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி, விசைத்தறியில் அவற்றை உற்பத்தி செய்வதைத் தடுத்து, மீறினால் தண்டனையும் விதித்தது. அமலாக்கத்தில் குறை கூற நிறைய இடமுண்டு. ஆனால் வாக்கிய அமைப்பை மட்டும் பார்த்தால் அது நேர்மையானது: கைத்தறிக்கு உண்டு என்பதோடு நிறுத்திக்கொண்டு மற்றதை வாசகருடைய ஊகத்துக்கு விடவில்லை, மற்றதற்கு இல்லை என்று வாய்விட்டுச் சொன்னது, ஏன் இல்லை என்பதற்கும் காரணம் சொன்னது. காரணம் சொன்னதனாலேயே அதன் மேல் வாதாடவும் முடிந்தது.

வாய்விட்டுச் சொல்லாத விலக்கின் மேல் அப்படி வாதாட முடிவதில்லை. ஆலயங்களுக்குள் நுழைய ஒரு பகுதி ஜனங்களுக்கு உரிமையில்லை என்பது பெரும்பாலும் வழக்கம் என்ற பெயரில் நின்றதே; எவர் எழுதினார், என்ன காரணத்துக்காக எழுதினார் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. எழுதப்படாத அந்த விலக்கை நீக்குவதற்கு 1939-லும் 1947-லும் சென்னை மாகாணத்தில் எழுதப்பட்ட சட்டங்கள் தேவைப்பட்டன. ஒரு வாக்கியத்தால் உண்டாகாத தடையை ஒழிக்க இத்தனை வாக்கியங்கள் வேண்டியிருந்தன என்பது, மௌனத்தை விலக்காகப் படிக்கும் பழக்கத்துக்கு உலகம் எவ்வளவு விலை கொடுக்கிறது என்பதைக் காட்டும்.

விளையாட்டை இயற்றியவர்களில் ஒருவரான கைகாக்ஸ் தம் மௌனத்தைப் பற்றி இரண்டு மனமாக இருந்தார். 1974-ஆம் ஆண்டு மூன்றாவது புத்தகத்தின் முடிவில், சொல்லாமல் விட்டதை நீங்களே கற்பித்துக்கொள்ளுங்கள் என்ற பாவனையில் நடுவர்களை ஊக்கப்படுத்தியவரே, சில ஆண்டுகளுக்குள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்ற நோக்கத்தோடு, 1977 முதல் 1979 வரை மூன்று பருத்த புத்தகங்களில் விதிகளைப் பெருக்கினார். பெருக்கியதால் ஐயம் குறைந்ததா என்றால் இல்லை. புது விதி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்து, மற்றவர்களைப் பற்றிய புது மௌனம் ஒன்றையும் கூடவே கொண்டு வந்தது. விதிகளைக் கூட்டி மௌனத்தைத் தீர்த்துவிடலாம் என்பது பிரமை. தீர்க்கக்கூடியது மௌனத்தைப் படிக்கும் முறை ஒன்றே.

அம்முறையை மீமாம்சகர்கள் தாங்கள் எப்போதும் அனுசரித்தார்களோ இல்லையோ, நமக்குத் தெளிவாகவே விட்டுப் போயிருக்கிறார்கள். கொடுக்கும் வாக்கியத்தைக் கொடுக்கும் வாக்கியமாகவே படிக்க வேண்டும். அது வீணாகாதவரை அதிலிருந்து பறிக்கும் பொருளைக் கறக்கலாகாது. பறித்தே தீர வேண்டிய இடத்தில், இன்னது உனக்கில்லை, இன்ன காரணத்தால் இல்லை என்று பறிக்கிறவன் வெளிப்படையாகச் சொல்லி, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக நிற்க வேண்டும். சொல்ல விருப்பமில்லாதவன் விலக்கவும் ஆசைப்படலாகாது. கூடத்தில் ஆடும் பிள்ளைகளின் நடுவனுக்கும் இது பொருந்தும், கோயில் நிர்வாகிக்கும் பொருந்தும், சட்டம் இயற்றுகிறவருக்கும் பொருந்தும். அவர்கள் மூவரிலும் தவறினால் உடனே திருத்திக்கொள்ளும் சௌகரியம் முதலாமவனுக்குத்தான் உண்டு. ஆகையால் இந்தப் பழக்கத்தைப் பயில்வதற்கு விளையாட்டைவிடத் தகுந்த இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.